சத்தம் போடாத விசிறி

ஜனவரி 8

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். இடுப்பு வலி மட்டும் கடன்காரன் மாதிரி காலையில் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போகிறது. உன் உடம்பு எப்படி? தலைவலி குறைந்ததா? போனில் பேசினால் காது நோகிறது என்கிறாய். நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு டாக்டர்மார் முணுமுணுப்பதைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறவளுக்கு நோகத்தானே செய்யும். அதனால் என் ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தை நீ பொறுத்துக்கொள். எழுதுகிற எனக்கும் நோகிறது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ திரும்பி வரப்போகிறாய் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். நீ அப்படி எழுதினாயா? இல்லை. போன கடிதத்தின் ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி எழுதியிருந்தாய். சொந்தக் கம்ப்யூட்டர் இருப்பவர்கள் இனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமாம், மார்ச் முடிவதற்குள் ஆபீசில் பெயர் கொடுக்க வேண்டுமாம். அவ்வளவுதான். நான் அதைப் படித்துவிட்டு மருந்துக்கடைக்குத் தைலம் வாங்கப் போனேன். தைலம் வாங்க மறந்துவிட்டேன். செய்தியை மட்டும் விற்றுவிட்டு வந்தேன்.

"தங்கச்சி வருதா? எப்போ?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"கம்ப்யூட்டர் ரெடியானதும்."

"கம்ப்யூட்டர் எப்போ ரெடியாகும்?"

"தங்கச்சி என்னென்ன வேணும்னு சொன்னதும்."

"அப்போ தங்கச்சிக்கே இன்னும் தெரியாதா?"

மனுஷன் மாத்திரை எண்ணிப் பழகியவர். ஒன்று குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறார்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. உன் அறையில் இப்போது ஃபோம் பலகைகள் கூரை வரை நிற்கின்றன. எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். ஜன்னலுக்குக் கீழே சுவரில் பதித்த தட்டு இருக்கிறதே, அதில் நுழைகிற மாதிரி சின்னக் கம்ப்யூட்டர் வேண்டும். இரண்டு சோபா செட் செய்த காசு கையில் இருக்கிறது. அதற்குள் அடங்க வேண்டும். என்னென்ன பாகம் என்று எழுது. வாங்குவது என் பொறுப்பு.

வேளைக்குச் சாப்பிடு. சாப்பிட்டேன் என்று பொய் எழுதாதே.

உன் அண்ணன்

ஜனவரி 29

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். தலைவலி இல்லை. இடுப்புக்குத் தைலம் மட்டும் போதாது, குனிந்து ஆணி அடிப்பதைக் குறைத்துக்கொள்.

வருவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்டிருந்தாய்.

கடையில் முழுசாகக் கட்டி வைத்திருப்பதை வாங்காதே. பாகம் பாகமாக வாங்கினால் எதில் காசு போகிறது என்று தெரியும். முதலில் பிராசசர். படம் காட்டும் வேலையையும் தானே பார்த்துக்கொள்கிற வகையாகப் பார். தனியாக கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். அது விளையாடுகிறவர்களுக்கு. பிறகு அதற்குப் பொருந்தும் மதர்போர்டு, இருப்பதிலேயே சின்ன அளவு. மெமரி எட்டு ஜிபியில் ஒன்று போதும், பக்கத்து இடம் காலியாக இருக்கட்டும். பின்னால் வேண்டுமானால் இன்னொன்று போடலாம். முன்பக்கம் ஒயர் சொருக இடம் இருக்க வேண்டும். எங்கள் வேலையில் காலால் மிதிக்கிற பெடல் ஒன்று உண்டு. மிதித்தால் பேச்சு ஓடும், விட்டால் நிற்கும்.

முக்கியமானது ஒன்று. சத்தம் இருக்கக் கூடாது. டாக்டர்கள் சொல்வதில் பாதி பெருமூச்சு. பக்கத்தில் கம்ப்யூட்டரின் விசிறி இரைந்தால் மருந்தின் பெயரே மாறிப்போகும்.

தட்டின் அகலம், ஆழம், உயரம் மூன்றையும் அளந்து எழுது.

தங்கை

பிப்ரவரி 3

அன்புள்ள மிதிகாரிக்கு,

உன் கடிதம் வந்தது. நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நீ பதில் எழுதினாயே, அதுவே எனக்கு நலம்.

அங்கேயும் மிதித்துத்தான் பிழைக்கிறாயா! நான் இங்கே தையல் மெஷினை மிதிக்கிறேன், நீ அங்கே டாக்டர்களை மிதிக்கிறாய். நம் குடும்பத்துக்குக் காலால்தான் சோறு.

தட்டை அளந்துவிட்டேன். அளவு இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. ஒரு நூல் கூடப் பிசகாது. உனக்குச் சந்தேகம் வரும் என்று இரண்டு தடவை அளந்தேன்.

கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைத் தம்பிக்குக் கண்ணாடி மூக்கின் நுனியில் நிற்கிறது. விழுமா விழாதா என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் பாதிப் பேச்சு காதில் ஏறவில்லை. முதலில் ஒரு பெட்டியைக் காட்டினான். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே சிவப்பு, பச்சை, ஊதா என்று விளக்கு ஓடுகிறது.

"அண்ணே, இதுதான் இப்போ எல்லாரும் வாங்குறாங்க."

"தம்பி, என் தங்கச்சி வேலை பாக்கப் போவுது. டான்ஸ் ஆடப் போவல."

"வெளிச்சம் இருந்தா ரூமுக்கு ஒரு அழகு அண்ணே."

"அழகுக்கு நான் இருக்கேன். நீ பெட்டியைக் காட்டு."

பிறகுதான் வழிக்கு வந்தான். நீ சொன்ன பிராசசர் இருக்கிறது. மதர்போர்டு மட்டும் ஒரு கொடுமை. இருப்பதிலேயே சின்னதுக்குத்தான் விலை கூட. "ஏன் தம்பி, பொருள் குறைஞ்சா காசும் குறையணும்ல?" என்றேன். "சின்ன இடத்துல எல்லாத்தையும் அடக்குறது கஷ்டம் அண்ணே" என்றான். நம் வீட்டிலும் அப்படித்தானே, சின்னதுக்குத்தான் எப்போதும் செலவு. வாங்கிவிட்டேன்.

உன் அறையிலிருந்த ஃபோமில் பாதியைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன். கூடத்தில் இப்போது நடக்க இடமில்லை, விழலாம். விழுந்தால் அடிபடாது.

அடுத்து என்ன வாங்க?

பஞ்சு மூட்டை அண்ணன்

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். கூடத்தில் ஃபோமை ஸ்விட்ச் பக்கம் சாய்த்து வைக்காதே. தீப்பிடித்தால் மூச்சு விட நேரமிருக்காது.

அடுத்தது, உள்ளே எல்லாவற்றையும் சேமிக்கிற எஸ்.எஸ்.டி. சுழல்கிற பழைய வகை டிஸ்க் விலை மலிவு என்று கடைத் தம்பி சொல்வான். வாங்காதே. அது சுற்றும்போது கரகரவென்று கேட்கும். எஸ்.எஸ்.டி.யில் ஓடுகிற பாகமே கிடையாது.

பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்காதே. அது கெட்டால் மற்ற எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு போகும். உன் பாஷையில் சொன்னால் அது சோபாவின் ஸ்பிரிங். துணியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

பிராசசரைக் குளிர வைக்கிற விசிறி பெரியதாக, மெதுவாகச் சுற்றுகிற வகையாக இருக்க வேண்டும். பிராசசரோடு இலவசமாக ஒரு சின்ன விசிறி வரும். அது வேகமாகச் சுற்றும், இரையும். அதைப் போடாதே. மானிட்டர் பழையது போதும், எழுத்து தெளிவாக இருந்தால் சரி.

அந்த அறை ஜன்னல் இன்னும் பாதியில் சிக்கிக்கொள்கிறதா?

தங்கை

பிப்ரவரி 25

அன்புள்ள ஜன்னல் ஆராய்ச்சியாளருக்கு,

ஜன்னல் சிக்கத்தான் செய்கிறது. சோப்பு தடவினேன், இப்போது மணமாகச் சிக்குகிறது. நீ வருவதற்குள் இழைப்புளி வைத்துச் சீவிவிடுகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் நீளமாக இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுகிற மாதிரி எழுதுகிறாய். சேர்க்கை தோஷம்.

எஸ்.எஸ்.டி. வாங்கியாயிற்று. பவர் சப்ளை நல்லதாகவே வாங்கியாயிற்று. மானிட்டர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்றது. எல்லாவற்றையும் அடக்குகிற பெட்டி, கேபினெட் என்கிறான், அச்சு அசலாக நம் தட்டுக்கென்றே செய்த மாதிரி. சாப்பாட்டு மேசை மேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருக்கிறேன். நான் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். விருந்தாளி வந்த வீடு மாதிரி இருக்கிறது.

இப்போது ஒரு சிக்கல். நீ சொன்ன பெரிய விசிறி கேபினெட்டில் நுழையவில்லை. இரண்டு விரற்கடை உயரம் கூட. கடைத் தம்பி முயற்சி செய்து பார்த்தான், நானும் அமுக்கிப் பார்த்தேன்.

"அண்ணே, அமுக்காதீங்க. இது மெத்தை இல்ல."

"கொஞ்சம் விட்டுக் குடுக்கும்னு பாத்தேன்."

"குடுக்காது அண்ணே. ரெண்டுல ஒண்ணுதான். சின்னப் பெட்டி வேணும்னா இரைச்சலைச் சகிச்சுக்கணும். அமைதி வேணும்னா பெரிய பெட்டி."

பெரிய பெட்டி தட்டில் நுழையாது. எனக்கு ஒரு யோசனை. தட்டை இடித்துவிடுகிறேன். சுவரைக் கொஞ்சம் உள்ளே கொத்தினால் பெரிய பெட்டியே உட்காரும். கொத்தனாரிடம் பேசிவிட்டேன். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது, மறுநாள் சுத்தியல் விழும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். என்னைக் கேட்டால் விசிறி கொஞ்சம் இரைந்தால் தப்பில்லை என்பேன். தையல் மெஷின் நின்றுவிட்டால் இந்த வீட்டில் எனக்கே என் மூச்சு கேட்கிறது. ஆனால் உனக்கு வேலை முக்கியம். இடித்துவிடலாம்.

ஆபீசில் பெயர் கொடுத்துவிட்டாய்தானே?

அண்ணன்

மார்ச் 16

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். உன் நலத்தைப் பற்றி எழுதுவதற்கு உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. தபால்காரர் என்னைப் பார்த்தால் இப்போது எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். "இல்லைன்னு சொல்ல எனக்கே சங்கடமா இருக்குங்க" என்கிறார். அவருக்கு ஒரு தலையணை தைத்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நீ சொல்லாமல் இடிக்கவில்லை. ஃபோம் முழுவதையும் அறையிலிருந்து எடுத்துவிட்டேன். தரையைக் கழுவினேன். காலி அறையில் பேசினால் எதிரொலிக்கிறது. "யாரு?" என்று கேட்டேன். அதுவும் "யாரு?" என்றது. மரியாதை தெரியாத அறை.

மார்ச் முடிய இன்னும் நாள் இருக்கிறது. வேலை அதிகமோ என்னவோ. எழுது.

அண்ணன்

ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

தட்டை இடிக்காதே. சின்னப் பெட்டியே இருக்கட்டும். பிராசசரோடு வருகிற இலவச விசிறி போதும். பெரிய விசிறியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு. அந்தக் காசில் எழுத்து பெரியதாகத் தெரிகிற கீபோர்டு வாங்கிக்கொள். உனக்குக் கண்ணாடி போடப் பிடிக்காது.

சத்தம் இருந்தால் பரவாயில்லை என்று நீயே எழுதியிருந்தாய்.

தங்கை

ஏப்ரல் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம்.

இரைகிற விசிறியே போதும் என்று எழுதியிருக்கிறாய். முதல் கடிதத்திலிருந்து சத்தம் கூடாது, சத்தம் கூடாது என்று எழுதியவள் நீ. நான் அவ்வளவு படித்தவன் இல்லை. ஆனாலும் இது புரிகிறது. காது கொடுத்து வேலை பார்க்கிற ஆள் அந்த அறையில் உட்காரப் போவதில்லை.

சரி. விசிறியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொத்தனாரிடமும் சொல்லிவிட்டேன். மருந்துக்கடைக்காரரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம் என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை. உடம்பு நலம்.

பெயர் கொடுக்கவில்லை. மார்ச் கடைசியில் மேலாளர் மேசை மேசையாக வந்து கேட்டார். என் மேசைக்கு வந்தபோது நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். உண்மையில் என் காதில் எதுவும் ஓடவில்லை. பெடலிலிருந்து காலை எடுத்திருந்தேன்.

உன்னால் இல்லை அண்ணா. புருஷன் வீட்டை விட்டு வந்து உன்னோடு இருந்த நாலு வருஷமும் நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. மற்றவர்களையும் கேட்க விட்டதில்லை. யாராவது வாயைத் திறந்தால் ஏதாவது கிண்டல் செய்து சிரிக்க வைத்து அனுப்பிவிடுவாய். ஆனால் நீ சிரிக்க வைப்பதே எதற்கு என்று எனக்குத் தெரியும் இல்லையா? அந்தத் தெருவில் நான் திரும்பி வந்தவள். இரண்டாம் தடவையும் திரும்பி வந்தால் அதற்கும் நீதான் கிண்டல் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே நான் மூன்றாம் மேசைக்காரி. அவ்வளவுதான் தெரியும் இவர்களுக்கு. சாயங்காலம் அறைக்குப் போனால் பேச ஒருவரும் இல்லை, அது உண்மை. கேட்கவும் ஒருவரும் இல்லை.

இதை ஜனவரியிலேயே எழுதியிருக்க வேண்டும். பிராசசர், மெமரி, விசிறி என்று எழுதிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு பாகத்துக்கும் உன்னிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கடைத் தம்பி, கண்ணாடிப் பெட்டி, டான்ஸ் எல்லாவற்றையும் படித்துவிட்டு இந்த அறையில் நான் சத்தம் போட்டுச் சிரித்திருக்கிறேன். கம்ப்யூட்டர் முடிந்துவிட்டால் என்ன எழுதுவாய் என்று பயமாக இருந்தது.

உன் காசை வீணாக்கிவிட்டேன். கோபமாக இருந்தாலும் எழுது.

தங்கை

மே 30

அன்புள்ள மூன்றாம் மேசைக்கு,

கோபம் இருந்தது. பத்து நாள் வைத்திருந்தேன். அதற்கு மேல் வைக்க வீட்டில் இடமில்லை, எல்லா இடத்திலும் ஃபோம். உன் உடம்பு நன்றாக இருக்கட்டும். என் இடுப்பு நன்றாக இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, கீழே எழுதியிருக்கிறேன்.

நீ வரவில்லை என்று மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். "ஏன்?" என்றார். கிண்டலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். நீ எழுதியது ஞாபகம் வந்தது. "அதுக்கு அங்க பிடிச்சிருக்கு" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான் முடிந்தது. இத்தனை வருஷம் நான் எதற்கு இவ்வளவு வித்தை காட்டினேன் என்று தெரியவில்லை.

கம்ப்யூட்டரைக் கடைத் தம்பி வீட்டுக்கு வந்து பொருத்திக் கொடுத்தான். காசு வீண் இல்லை. சோபாவின் படத்தைப் போட்டு, துணியின் நிறத்தை மாற்றி மாற்றிக் காட்ட ஒரு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறான். வாடிக்கையாளர்கள் வாயைப் பிளக்கிறார்கள். நான் ஒற்றை விரலால் தட்டுகிறேன். மற்ற ஒன்பதும் வேடிக்கை பார்க்கின்றன. இலவச விசிறி நீ சொன்னபடியே இரைகிறது, தேனீக்கூட்டைப் பெட்டிக்குள் அடைத்த மாதிரி. வேலை இல்லாத நேரத்திலும் நான் அணைப்பதில்லை. கரண்டு செலவைப் பற்றி நீ அறிவுரை எழுதுவாய். எழுது. அப்படியாவது ஒரு கடிதம் வரும்.

மெமரிக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறதே, அதில் இப்போது எதுவும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ வர வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். ஆனால் என்ன எழுதுவது என்று பயப்படாதே. பிரிண்டர் எது வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்பீக்கரும் தெரியவில்லை. இன்னும் என்னென்ன தெரியாது என்பதைக் கடைத் தம்பியிடம் கேட்டு வைத்திருக்கிறேன், நிறைய இருக்கிறது.

உன்னிடம் சொல்லாமல் ஒன்று செய்திருந்தேன். பிப்ரவரியில் உனக்காக ஒரு நாற்காலி செய்தேன். நாள் முழுக்க உட்கார்கிற வேலை அல்லவா. முதுகுக்கு வளைவு கொடுத்து, இரண்டு பக்கமும் கை வைத்து, உன் உடம்பு அளவுக்கு இழுத்துத் தைத்தது. அளவு கேட்கவில்லை, கைக்கே தெரியும். அது கூடத்தில் ஃபோமுக்குப் பின்னால் சும்மா நின்றது. போன வாரம் நானே உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். உட்காரும்போது கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. உட்கார்ந்த பிறகு சுகமாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் தட்டினேன்.

அழைப்பு மணி அடித்தது. எழுந்தேன். நாற்காலியும் எழுந்தது. கைகளைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தேன், வரவில்லை. மணி மறுபடியும் அடித்தது. குனிந்தபடியே நடந்து போய்க் கதவைத் திறந்தேன். நாற்காலி விஷயமாக வருவதாகச் சொல்லியிருந்த வக்கீல் அம்மா நின்றார். நான் வணக்கம் சொன்னேன். அவரும் சொன்னார். என்னைச் சுற்றி ஒரு தரம் நடந்து, பின்பக்கத் தையலைத் தொட்டுப் பார்த்தார்.

"இதே மாதிரி நாலு வேணும்" என்றார். "கை வேண்டாம்."

எழுதிக்கொண்டேன்.

அண்ணன்